மூன்றரைக் கட்டை இல்லாத காரணம்

ஆர்மோனியப் பெட்டியைச் சுற்றி அமர்ந்து பாடுவோர், "எத்தனை கட்டைச் சுருதி?" என்று கேட்பதை நம்மவர் யாவரும் அறிவர். ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை, இரண்டு, இரண்டரை, மூன்று என்று வரிசை செல்லும். மூன்றுக்குப் பின் நான்கு. அதன்பின் நான்கரை, ஐந்து, ஐந்தரை, ஆறு, ஆறரை, ஏழு. ஏழு முடிந்ததும் மேல் ஸ்தாயியின் ஒரு கட்டை வந்துவிடும். இவ்வரிசையில் மூன்றரைக் கட்டை என்பதே இல்லை. ஏழரைக் கட்டையும் இல்லை. ஏழரை என்றதும் சனியை நினைத்து நகைப்பார் நகைக்கலாம். உண்மைக் காரணம் சனியிடத்தில் இல்லை. நரம்பின் நீளத்திலும், மனிதர் அதனை ஆண்ட வரலாற்றிலுமே இருக்கிறது. அவ்வரலாற்றைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெட்டியின் வெண்கட்டைகளை ஒன்று முதல் வரிசையாக அழுத்தினால் எழும் சுரவரிசையை மேனாட்டார் மேஜர் ஸ்கேல் என்பர். நம் வித்துவான்கள் சங்கராபரண மேளம் என்பர். இதன் படிகள் எல்லாம் ஒரே அளவின அல்ல. முழுப்படி, முழுப்படி, அரைப்படி. மறுபடி முழுப்படி, முழுப்படி, முழுப்படி, அரைப்படி. முழுப்படியின் நடுவில் கருங்கட்டைக்கு இடமுண்டு. அரைப்படியின் நடுவில் இடமில்லை. மூன்றுக்கும் நான்குக்கும் இடையிலும், ஏழுக்கும் எட்டுக்கும் இடையிலும் இருப்பவை அரைப்படிகள். ஆகவே மூன்றரையும் ஏழரையும் பெட்டியில் இல்லாமற் போயின.

இவ்வரைப்படிகளை அங்கே வைத்தவர் யார்? "ஐரோப்பியர் வைத்தனர், இஃது அந்நியச் சரக்கு" என்று ஒதுக்குவோர் ஒருபுறம். "எல்லாம் நம் முன்னோர் கண்டதே, மேனாட்டார் நம்மிடம் கடன் வாங்கினர்" என்று மார்தட்டுவோர் மறுபுறம். இருசாராரும் கணக்கைப் பாராது வழக்காடுகின்றனர். கணக்கைப் பார்த்தவர்க்கு வழக்கே வேறாகத் தோன்றும்.

நரம்பின் கணக்கு

முப்பத்தாறு அங்குல நீளமுள்ள ஒரு கம்பியை இறுகக் கட்டி மீட்டுங்கள். அந்த ஒலியைச் சட்சம் என்று வைத்துக்கொள்வோம். சரிபாதியாகிய 18 அங்குலத்தில் விரலை ஊன்றி மீட்டினால் மேல் சட்சம் பிறக்கும். மூன்றில் இரண்டு பங்காகிய 24 அங்குலத்தில் பஞ்சமம். நான்கில் மூன்று பங்காகிய 27 அங்குலத்தில் மத்திமம். இவ்வளவுகளைக் கிரேக்க நாட்டுப் பிதாகரஸின் பெயரால் மேனாட்டு நூல்கள் வழங்குகின்றன. ஆயினும் கம்பிக்குக் கிரேக்கன் என்றும் தமிழன் என்றும் பேதம் தெரியாது. எவன் விரல் ஊன்றினாலும் 24 அங்குலத்தில் பஞ்சமமே ஒலிக்கும்.

எஞ்சிய சுரங்களையும் சிறிய பின்னங்களால் நிரப்பலாம். ரிஷபம் 32 அங்குலம். காந்தாரம் 28 அங்குலமும் ஐந்தில் நான்கு பங்கும். தைவதம் 21 அங்குலமும் ஐந்தில் மூன்று பங்கும். நிஷாதம் 19 அங்குலமும் ஐந்தில் ஒரு பங்கும். நீளம் குறையக் குறைய அதிர்வு மிகும். சட்சம் ஒரு நொடியில் 240 முறை அதிர்வதாக வைத்துக் கொண்டால், ரிஷபம் 270, காந்தாரம் 300, மத்திமம் 320, பஞ்சமம் 360, தைவதம் 400, நிஷாதம் 450, மேல் சட்சம் 480 என்றாகும். நாள்தோறும் பேரேட்டோடு பழகும் என்போன்ற கிராணிகளுக்கும் இதைவிட ஒழுங்கான கணக்கு ஒன்று அகப்படுவது அரிது.

இவ்வெண்களில் ஓர் அழகு மறைந்திருக்கிறது. சட்சம், காந்தாரம், பஞ்சமம் மூன்றும் 240, 300, 360. அஃதாவது நான்கு, ஐந்து, ஆறு என்னும் விகிதம். மத்திமம், தைவதம், மேல் சட்சம் மூன்றும் 320, 400, 480. அதுவும் நான்கு, ஐந்து, ஆறு. பஞ்சமம், நிஷாதம், மேல் ரிஷபம் மூன்றும் 360, 450, 540. மீண்டும் அதே விகிதம். ஏழு சுரங்களும் இம்மூன்று கூட்டுக்களில் அடங்கிவிடுகின்றன. மேனாட்டுச் சங்கீதத்தின் மாளிகை முழுவதும் இம்மூன்று தூண்களின்மேல் எழுந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

எனினும், இயற்கை இந்த ஏணி ஒன்றையே மனிதனுக்கு அளித்தது என்று கூறுவதும் பிழையாகும். ஆங்கில அறிஞர் அலெக்சாண்டர் எல்லிஸ் பல நாட்டு வாத்தியங்களின் சுரங்களை அளந்து 1885-ம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார். நமது அண்டை நாடாகிய ஜாவாவின் கமெலான் வாத்தியத்தில், ஸ்தாயியை ஏறத்தாழ ஐந்து சம பங்காக்கும் முறை ஒன்று உண்டு. அதில் நம் காந்தாரமும் இல்லை, ஐரோப்பியரின் அரைப்படியும் இல்லை. உலக மக்களின் சுரவரிசைகள் ஒன்றல்ல, பல என்பதே எல்லிஸ் கண்ட முடிவு. பஞ்சமத்தை இயற்கை கொடுத்தது. அதைக் கொண்டு ஏணி கட்டியவன் மனிதன். கட்டியதில் அவனவன் விருப்பமும் தேவையும் கலந்தே இருந்தன.

ஆய்ச்சியர் நின்ற வட்டம்

பண்டைத் தமிழர் ஏழு சுரங்களுக்கும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயரிட்டு வழங்கினர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் ஆய்ச்சியர் குரவையும் இந்நரம்புகளின் முறையை விரித்துக் கூறுகின்றன. ஓர் ஆயத்தில் ஏழு பெண்களை வட்டமாய் நிறுத்தி, ஒவ்வொருத்திக்கும் ஒரு சுரத்தின் பெயரிட்டு ஆடவைக்கிறாள் இடைச்சேரி மூதாட்டி மாதரி. ஏட்டில் உறங்கும் சாஸ்திரமாக அன்றி, பால் கறக்கும் பெண்கள் காலால் மிதித்து ஆடிய கணக்காக இசை அங்கே விளங்குகின்றது. இதனை நம் வாசகர் நெஞ்சில் நிறுத்த வேண்டும்.

வட்டத்தின் சிறப்பு யாதெனில், அதற்குத் தொடக்கமும் முடிவும் இல்லை என்பதே. எந்தச் சுரத்தையும் குரலாக, அஃதாவது சட்சமாகக் கொண்டு சுற்றி வரலாம். சுரங்கள் மாறுவதில்லை, தொடங்கும் இடம் மாறுகிறது, பண்ணோ முற்றும் வேறாகிறது. இதனைப் பாலை திரிதல் என்றனர் பண்டையோர். கிரகபேதம் என்பர் இக்காலத்து வித்துவான்கள்.

பெட்டி கையிலுள்ளவர் இப்பொழுதே சோதித்துப் பார்க்கலாம். வெண்கட்டைகளை மட்டுமே தொடுங்கள். ஐந்தாம் கட்டையைச் சட்சமாக்கி ஏறினால் அரிகாம்போதி. அறிஞர் பெரும்பாலோர் செம்பாலை எனக் கொள்வது இதனையே. ஆறாம் கட்டையிலிருந்து ஏறினால் படுமலைப்பாலை, அஃதாவது நடபைரவி. ஏழிலிருந்து ஏறினால் செவ்வழிப்பாலை. ஒன்றிலிருந்து ஏறினால் அரும்பாலை. அதுவே சங்கராபரணம், அதுவே மேஜர் ஸ்கேல். இரண்டிலிருந்து கோடிப்பாலை என்னும் கரகரப்பிரியா. மூன்றிலிருந்து விளரிப்பாலை என்னும் தோடி. நான்கிலிருந்து மேற்செம்பாலை என்னும் கல்யாணி. செம்பாலையே சங்கராபரணம் என்று கொண்டவரும் உளர். எவர் கொள்கையை ஏற்பினும் ஒன்று உறுதி: சங்கராபரணத்தின் படிகள் அந்த எழுவர் வட்டத்துக்குள்ளேயே இருந்தன. கடல் கடந்து வந்த பின்னரே தமிழன் அதனைக் கேட்டான் என்பது பொருந்தாது.

அரெஸ்ஸோ நகரத்துத் துறவி

இனி ஐரோப்பாவைக் காண்போம். பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரில் குய்தோ என்னும் துறவி தேவாலயச் சிறுவர்களுக்குப் பாட்டுக் கற்பித்து வந்தார். ஆசானின் வாயைப் பார்த்துப் பாடம் பண்ணியதால் சிறுவர்க்குப் பத்தாண்டும் போதவில்லை. குய்தோ ஒரு லத்தீன் துதிப்பாட்டின் அடிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு படி உயர்ந்து தொடங்குவதைக் கண்டு, அவற்றின் முதலசைகளாகிய உத், ரே, மி, ஃபா, சோல், லா என்பவற்றைச் சுரங்களின் பெயராக்கினார். கோடுகளின்மேல் சுரம் எழுதும் முறையையும் செம்மைப்படுத்தினார். தம் முறையால் ஓராண்டில், மிஞ்சினால் ஈராண்டில், சிறுவர் தேர்வர் என்று அவர் எழுதினார். பிற்காலத்தில் உத் என்பது தோ ஆயிற்று. ஏழாவதாக ஸி சேர்ந்தது. அவ்வாறு எழுத்தில் ஏறிய இசை, ஆசானின் அருகிருப்பவனுக்கே உரியது என்ற நிலையினின்று விடுபடத் தொடங்கியது.

ஆனால் அக்காலத் தேவாலய இலக்கணம் ஒப்புக்கொண்ட பண்முறைகள் எட்டு. நாம் கூறும் மேஜர் ஸ்கேல் அவ்வெட்டில் தனிப்பெயர் பெற்று இருக்கவில்லை. சுவிட்சர்லாந்து அறிஞர் கிளாரியன் 1547-ல் வெளியிட்ட நூலில் எட்டைப் பன்னிரண்டாக்கி, இதற்கு அயோனியன் என்று பெயரிட்டார். மக்கள் நெடுங்காலமாகப் பாடியும் ஆடியும் வந்த வரிசை இது; ஏடு அதனை ஏற்கவே இவ்வளவு காலம் சென்றது. பாமரர் வாயில் முன்னரும் பண்டிதர் ஏட்டில் பின்னரும் இடம் பெறுவது, எந்நாட்டிலும் இசையின் விதி போலும்.

பதினொரு ஆண்டு கழித்து, 1558-ல், வெனிஸ் நகரத்து ஸார்லீனோ நாம் மேலே கண்ட நான்கு, ஐந்து, ஆறு என்னும் விகிதத்துக்குச் சாஸ்திர ஆதாரம் காட்டினார். 1571-ல் அவர் எழுதிய மற்றொரு நூலில் அயோனியனே முதல் இடத்துக்கு உயர்ந்தது. கடைசியில் வந்த விருந்தாளி பந்தியின் தலைவனாயினான்.

இடமாற்றத்தின் விலை

இங்கேதான் ஒரு பெரும் சிக்கல் தலைகாட்டியது. சட்சம் 240, ரிஷபம் 270, தைவதம் 400 என்று கண்டோமல்லவா? பாடுபவர்க்குக் குரல் எட்டவில்லை என்று ரிஷபத்தையே சட்சமாக மாற்றினால், அதன் பஞ்சமம் 270-க்கு ஒன்றரை மடங்காகிய 405 இருக்க வேண்டும். பெட்டியிலோ இருப்பது 400. ஐந்து அதிர்வு குறைவு. செவி அதனைப் பொறுக்காது. பாடுவோனும் பிடில் வாசிப்போனும் கணத்தில் திருத்திக்கொள்வர். கட்டை வைத்த வாத்தியம் என் செய்யும்? ஒவ்வோர் இடமாற்றத்துக்கும் புதிய கட்டைகள் வேண்டுமெனில் பெட்டி வீட்டளவு ஆகிவிடும்.

பஞ்சமத்தின்மேல் பஞ்சமமாகப் பன்னிருமுறை ஏறினால் ஏழு ஸ்தாயி கடந்து தொடங்கிய சுரத்துக்கே வந்து சேர வேண்டும் என்று எதிர்பார்ப்போம். கணக்கிட்டால் நூற்றுக்கு ஒன்றேகால் பங்குக்குச் சற்று மேலாகக் கூடுதலாக நிற்கிறது. வட்டம் மூடுவதில்லை. இயற்கையின் கணக்கில் இத்தகைய பாக்கி விழுந்து கிடக்கிறது.

இந்தப் பாக்கியை எங்கே எழுதித் தீர்ப்பது என்பதே ஐரோப்பிய இசைக் கணிதத்தின் முந்நூறாண்டுக் கவலை. பன்னிரண்டு படிகளுக்கும் சமமாகப் பங்கிட்டுவிடுவது ஒரு வழி. அதன் கணக்கைச் சீன நாட்டு மிங் அரசகுலத்தவராகிய சூ ட்ஸாய்யூ 1584-லேயே கண்டறிந்தார். அதே காலத்தை ஒட்டி நெதர்லாந்துப் பகுதியின் சைமன் ஸ்டெவினும் கண்டார். ஒவ்வொரு படியும் முன்னதைவிட 1.05946 மடங்கு, பன்னிருமுறை பெருக்கினால் சரியாக இரண்டு. வட்டம் மூடிற்று. ஆயினும் இம்முறை பியானோக்களுக்குப் பொதுவழக்காக வேரூன்றப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை சென்றது. இடைக்காலத்தில் பலவகைச் சமரசங்கள் கையாளப்பட்டன.

1722-ம் ஆண்டு இவ்வரலாற்றில் குறிக்கத்தக்கது. ஜெர்மனியின் பாக், பன்னிரண்டு சுரங்களில் ஒவ்வொன்றையும் சட்சமாகக் கொண்டு, மேஜரில் பன்னிரண்டும் மைனரில் பன்னிரண்டுமாக இருபத்துநான்கு முன்னிசைகளும் அவற்றின் ஃபியூக்குகளும் அடங்கிய தொகுதியை முடித்தார். நன்கு சமன் செய்த ஒரே வாத்தியத்தில் எல்லாச் சுருதியிலும் வாசிக்கலாம் என்பதற்கு அது சான்றாயிற்று. அதே ஆண்டில் பிரான்சின் ராமோ, சுரக்கூட்டுக்களின் இலக்கணத்தை நூலாக வெளியிட்டார். மேனாட்டார் கார்டு என்று வழங்கும் அக்கூட்டுக்களுக்குத் தலைமைச் சுரம் எது, அவை ஒன்றையொன்று எவ்வாறு தொடரும் என்பதை அந்நூல் விளக்கியது.

சமப்படுத்தியதால் பெற்றது பெரிது. விட்டதும் சிறிதன்று. 240-ஐச் சட்சமாகக் கொண்டால் சமப்படியின் பஞ்சமம் 359.6, குறை தெரியவே தெரியாது. காந்தாரமோ 300-க்குப் பதில் 302.4. சட்சத்தோடு சேர்த்து நீட்டி ஒலித்தால் நொடிக்கு ஒன்பது பத்துமுறை அலையடிக்கும். தம்பூராவின் நரம்பை மீட்டிக் கூர்ந்து கேட்பவர்க்கு, யாரும் தொடாமலே ஒரு காந்தாரம் தானே எழுந்து ஒலிப்பது தெரியும். அது 300-ன் காந்தாரம். பெட்டியில் இருப்பது 302.4-ன் காந்தாரம். கூட்டிசை வேண்டிய ஐரோப்பியர் தூய காந்தாரத்தை விற்றுப் பன்னிரண்டு சுருதிகளையும் வாங்கினர். தனியிசை வேண்டிய நாமோ சுருதியை ஒரே இடத்தில் நிறுத்திக்கொண்டு, காந்தாரத்தையும் அதன் அசைவாகிய கமகத்தையும் காத்துக்கொண்டோம். ஏணி ஒன்றே, செலுத்திய விலை வேறு.

கோட்டை வாத்தியமும் தஞ்சை வைத்தியரும்

இவ்விரு வழிகளும் தென்னாட்டில் சந்தித்த கதை சுவையானது. கும்பெனி ஆட்சியில் சென்னைக் கோட்டையிலிருந்து பட்டாளத்துப் பாண்டு வாத்தியம் முழங்கியது. அம்மெட்டுக்களைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர், அவற்றுக்கு ஏறக்குறைய நாற்பது ஸமஸ்கிருத சாகித்தியங்கள் அமைத்தார். நோட்டுஸ்வரம் என வழங்கும் அவை சங்கராபரணத்தில் அமைந்தவை. பிரிட்டிஷ் அரசவாழ்த்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் பிடில் பயின்று, அதனை நம் கச்சேரிக்குக் கொண்டுவந்தார். அந்நியக் கருவி என்று அன்று யாரேனும் தடுத்திருப்பின், இன்று கர்நாடகக் கச்சேரியில் பக்கவாத்தியம் யாதாயிருக்கும் என்பதைச் சிந்திக்கவேண்டும்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை மறவாதிருத்தல் நலம். நோட்டுஸ்வரத்தில் கேட்பது சங்கராபரண மேளம்; வித்துவான் ஒருமணி நேரம் ஆலாபனை செய்வது சங்கராபரண இராகம். முன்னது ஏணி, பின்னது ஏறி இறங்கும் நடை. தாலாட்டுக்கு உகந்த நீலாம்பரியும், காலைக்கு உரியதெனக் கொண்ட பிலகரியும் இதே மேளத்தின் பிள்ளைகள். மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் துயரம் என்று மேனாட்டுப் பாடப்புத்தகம் எளிதாகப் பிரிப்பதை, நம் செவி அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

தஞ்சையில் சித்தவைத்தியராகப் புகழ்பெற்ற ஆபிரகாம் பண்டிதர் இக்கணக்கில் இறங்கினார். 1912 முதல் தம் சொந்தச் செலவில் சங்கீத மாநாடுகள் கூட்டினார். 1916-ல் பரோடா மாநாட்டில் வாதாடினார். 1917-ல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். ஸ்தாயியை இருபத்திரண்டு சுருதியாகக் கூறுவோரை மறுத்து, சமமான பன்னிரண்டும் அவற்றின் பாதியாகிய இருபத்துநான்குமே பண்டைத் தமிழர் கணக்கு என்று நிலைநாட்ட முயன்றார். அவர் முடிவுகள் எல்லாவற்றையும் பின்வந்தோர் ஏற்கவில்லை. ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய யாழ்நூல் 1947-ல் வெளிவந்தது. அடிகளும் அவ்வாண்டே மறைந்தார். நரம்பின் அளவுகளை எண்களாலேயே நிறுத்துப் பார்த்த நூல் அது. பண்டிதர் ஒருவர் வைத்தியர். அடிகள் ஒருவர் விஞ்ஞானம் பயின்ற துறவி. பரம்பரைச் சங்கீதக் குடும்பத்தின் வாயிலில் காத்து நில்லாமல், கணக்கு என்னும் திறந்த வாயில் வழியே இருவரும் உள்ளே புகுந்தனர்.

பெட்டிக்கு விதித்த தடை

பிரான்சில் டெபேன் என்பவர் 1842-ல் உரிமைப் பதிவு செய்த ஆர்மோனியம், இந்தியாவில் கைத்துருத்திப் பெட்டியாகச் சுருங்கி, நாடகக் கொட்டகை தொடங்கிப் பஜனை மடம் வரை பரவிற்று. கப்பலேறி மலாயாவுக்கும் வந்தது. அகில இந்திய வானொலியோ 1940-ல் ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. 1971-ல்தான் அத்தடை தளர்ந்தது. பெட்டியில் கமகம் பேசாது, அதன் காந்தாரம் தம்பூராவோடு ஒட்டாது என்பன தடைக்குக் கூறிய காரணங்களுள் முக்கியமானவை. மேலே கண்ட கணக்கின்படி அவை பொய்யல்ல.

ஆயினும் மருந்து நோய்க்கு ஏற்றதா? குறையை எடுத்துக் கூறிக் கற்பித்திருக்கலாம். சுருதி திருத்திய பெட்டிகளைச் செய்யத் தூண்டியிருக்கலாம். அவ்வாறின்றி வாயிலை அடைத்ததால், தம்பூரா வாங்கவும் குருவை அமர்த்தவும் வசதியற்ற எளியவன் கையிலிருந்த ஒரே கருவி இழிவாயிற்று. கருவியைத் தள்ளுவது எளிது. கருவியின் கணக்கை மக்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே அரிது.

இன்றைய பெட்டி

இன்று அப்பெட்டியின் இடத்தில் கணினி வந்து அமர்ந்திருக்கிறது. 1983-ல் வாத்தியக் கம்பெனிகள் உடன்பட்டு ஏற்படுத்திய மிடி என்னும் முறையில், ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் எண் உண்டு. நடு ஸ்தாயியின் ஒரு கட்டைக்கு எண் 60. அதிலிருந்து மேஜர் ஸ்கேல் 60, 62, 64, 65, 67, 69, 71, 72 என்று செல்லும். 64-க்கும் 65-க்கும் இடையில் எண் இல்லை. 71-க்கும் 72-க்கும் இடையிலும் இல்லை. மூன்றரைக் கட்டையும் ஏழரைக் கட்டையும் இங்கும் இல்லாதிருப்பதைக் காண்க. ஆர்மோனியத்தின் இவ்வரிசை அப்படியே கணினிக்குள் குடிபுகுந்துள்ளது.

நம் இளைஞர் பலர் வீட்டறையிலேயே பாட்டமைத்து உலகுக்கு அனுப்புகின்றனர். போற்றத்தக்க முயற்சி. ஆனால் திரையில் ஸ்கேல் என்று எழுதிய இடத்தைத் தட்டிவிட்டால், தவறான சுரம் விழாதபடி இயந்திரமே பார்த்துக்கொள்கிறது. தவறு விழாது, சரி எது என்ற அறிவும் விளையாது. அவர்களுக்குப் பயன்படும் சில நெறிகளை இவ்வரலாற்றிலிருந்தே எடுத்துக் கூறலாம்.

முதலாவது, பாடுபவருக்காகச் சுருதியை மாற்றுங்கள். சுருதிக்காகப் பாடுபவரை வருத்தாதீர்கள். சுபிர் சயீத் 1958-ல் இயற்றிய மஜுலா சிங்கப்பூரா முதலில் ஐந்து கட்டை மேஜரில் இருந்தது. 2001-ல் புதிதாக வாத்திய அமைப்புச் செய்தபோது நான்கு கட்டைக்கு இறக்கினர்; சாமானியர் யாவரும் தொண்டை நோகாமல் பாட வேண்டும் என்பதே கருத்து. மெட்டில் ஓர் அணுவும் மாறவில்லை. சமப்படிக்காக ஐரோப்பியர் செலுத்திய விலையின் பயனை இங்கே மக்கள் அனுபவிக்கின்றனர்.

இரண்டாவது, மூன்று தூண்களை அறியுங்கள். சட்சக் கூட்டு, மத்திமக் கூட்டு, பஞ்சமக் கூட்டு இம்மூன்றிலும் ஏழு சுரமும் அடங்குவதால், மேஜரில் அமைந்த எந்த எளிய மெட்டுக்கும் இவற்றால் துணையிசை அமைக்கலாம். பஞ்சமக் கூட்டிலுள்ள நிஷாதம் மேல் சட்சத்துக்கு அரைப்படியே தொலைவில் நின்று அதனை நோக்கி இழுக்கும். ஆகையால் சரணத்தின் முடிவில் அக்கூட்டிலிருந்து சட்சக் கூட்டுக்கு வந்தால் வீடு வந்து சேர்ந்த நிறைவு தோன்றும். சட்சக் கூட்டு ஒலிக்கும்போது மத்திமத்தை நீட்டி நிறுத்தினால், அரைப்படி அருகிலுள்ள காந்தாரத்தோடு அது மோதும்.

மூன்றாவது, அவ்விரு சுரங்களையும் நீக்கிப் பாருங்கள். மத்திமமும் நிஷாதமும் போனால் அரைப்படிகளும் போய்விடும், எஞ்சுவது மோகனம். சீனர் கூங், ஷாங், ஜுவே, ஜி, யூ என்று வழங்கும் ஐந்து சுரங்களும் இவையே. ஒரே நாட்டில் அடுத்தடுத்து வாழும் தமிழனும் சீனனும் கூடி ஒரு பாட்டு அமைக்க எண்ணினால், இவ்வைந்து சுரங்கள் இருவர்க்கும் பொதுமுற்றம்.

நான்காவது, பாலை திரித்துப் பாருங்கள். அதே வெண்கட்டைகளில் ஆறாம் கட்டையை ஆதாரமாக்கினால் நடபைரவி. மேனாட்டாரின் இயற்கை மைனரும் அதுவே. பல்லவி ஒன்றில், சரணம் மற்றொன்றில் என்று புதிய சுரம் ஒன்றும் சேர்க்காமலே பாட்டின் முகத்தை மாற்றலாம். ஆய்ச்சியர் வட்டம் கணினித் திரையிலும் சுழலும்.

ஐந்தாவது, எண்ணின் அடிமையாகாதீர்கள். மிடி முறையிலேயே சுரத்தை வளைக்கும் வசதி வைத்திருக்கிறார்கள். நீண்டு நிற்கும் காந்தாரத்தைச் சிறிது தாழ்த்தித் தம்பூராவோடு ஒட்டவைக்கலாம். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லச் செய்யலாம். இயந்திரம் தானே செய்யாது. செவியுள்ளவன் சொன்னால் செய்யும்.

அன்பர்களே! சுரவரிசை எச்சாதிக்கும் எந்நாட்டுக்கும் பட்டா எழுதிக் கொடுத்த நிலம் அன்று. இடைச்சியர் அதனை ஆடினர். இத்தாலியத் துறவி அதனை எழுத்தாக்கினார். சீன அரசகுமாரர் அதனைச் சமன் செய்தார். தஞ்சை வைத்தியர் அதனை வாதுக்கு இழுத்தார். அவர்களுள் எவரும் அதனை இது எனக்கே உரியதென்று பூட்டி வைக்கவில்லை. நாம் செய்ய வேண்டுவது யாது? தோட்டத்திலாயினும் நகரத்திலாயினும் ஒரு வாசகசாலையோ, இளைஞர் மன்றமோ, கோயில் மண்டபமோ உள்ள இடத்தில், ஒரு பலகையில் முப்பத்தாறு அங்குலக் கம்பி ஒன்றைக் கட்டி, மேலே கூறிய அளவுகளில் கோடிட்டுப் பிள்ளைகளின் கையில் கொடுப்போம். பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு மாலைப்பொழுது போதும். கம்பியில் சுரத்தைத் தானே தேடிக் கண்டுபிடித்த பிள்ளை, நாளை எந்தப் பெட்டியின் முன் அமர்ந்தாலும் அதனை ஆளும். பெட்டி அதனை ஆளாது.